தரை கழுவும் மெஷினுக்குக் காப்புரிமை: பட்டறையிலிருந்து கிண்டி அலுவலகம் வரை

மால், மருத்துவமனை, ரயில் நிலையம் என்று எங்கே பார்த்தாலும், தரை கழுவும் ஸ்க்ரப்பர் மெஷினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் பட்டை தரையோடு இழுபட்டுக்கொண்டே வரும். அதன் பெயர் ஸ்குவீஜி. பிரஷ் தேய்த்துவிட்ட அழுக்குத் தண்ணீரை அது ஒதுக்கிக் கொடுக்கும். நடுவில் இருக்கும் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குழாய் வாயில் நூலோ தலைமுடியோ மிட்டாய்க் காகிதமோ சிக்கினால் உறிஞ்சல் குறையும். மெஷின் போன வழியெல்லாம் தண்ணீர்க் கோடு விழும். ஓட்டுபவர் நிறுத்திவிட்டுக் குனிந்து விரலால் நோண்டி எடுக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு உங்கள் பட்டறையில் ஒரு வழி பிடிபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் வாய்க்கு முன்னால் ஒரு சீப்பு. வேலை முடிந்து ஸ்குவீஜியைத் தூக்கும் அதே லீவர் சீப்பையும் சாய்த்து, சிக்கிய குப்பையை ஒரு தட்டில் கொட்டிவிடும். கூடவே வியாபார யோசனை ஒன்றும் இருக்கிறது: மெஷினை விற்காமல் வாடகைக்கு விட்டு, கழுவிய சதுர அடிக்குக் கணக்குப் போட்டுக் காசு வாங்குவது. இந்த இரண்டில் எதற்குக் காப்புரிமை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, என்ன செலவு, எங்கே வழுக்கும் என்பதை இதே உதாரணத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

விண்ணப்பம் போடும்வரை வாயைக் கட்டுங்கள்

விண்ணப்பத் தேதிக்கு முன்னால் நீங்கள் வெளியிட்டது உங்களுக்கே எதிராகத் திரும்பும். யூட்யூபில் ஏற்றிய 40 விநாடி வீடியோ, இந்தியாமார்ட்டில் போட்ட படம், கண்காட்சி ஸ்டாலில் வைத்த மாதிரி, ஒரே ஒரு மெஷினை விற்றுப் போட்ட பில் ஆகியவற்றில் ஒன்று போதும், 'புதுமை இல்லை' என்று காப்புரிமை அலுவலக ஆய்வாளர் எழுதிவிடுவார். கண்காட்சிக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை உண்டுதான். ஆனால் அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கே அது செல்லும். எல்லா ஸ்டாலுக்கும் பொருந்தாது. அதை நம்பிக் கடை விரிக்க வேண்டாம்.

தரை கழுவும் மெஷினைப் பட்டறைக்குள்ளேயே சோதித்து முடிக்க முடியாது. கூட்டம் நடமாடும் தரை வேண்டும். இதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. பொது இடத்தில்தான் சோதிக்க முடியும் என்ற வகைக் கண்டுபிடிப்பானால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த நியாயமான சோதனை புதுமையைக் கெடுக்காது என்கிறது 32-ஆம் பிரிவு. அப்படியிருந்தும், மாலின் ஹவுஸ்கீப்பிங் மேலாளரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இது சோதனை, விற்பனை அல்ல, படம் எடுக்கக் கூடாது, பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. தேதியும் கையெழுத்தும் அவசியம்.

கண்டுபிடித்தவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து வெல்டிங் அடித்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். 'அண்ணே, தனிக் கம்பி எதுக்கு? தூக்குற லீவரோடயே கோத்துடலாமே' என்று சொன்னவர் ஆவார். அவர் பெயரைப் படிவத்தில் சேர்த்து, உரிமையை நிறுவனத்துக்கு எழுதி வாங்குங்கள். சம்பளம் கொடுத்தோமே, அதனால் உரிமையும் நமக்கு வந்துவிட்டது என்ற நினைப்புதான் பின்னால் வழக்கில் கொண்டுபோய் விடுகிறது.

தேடல்: சொல்லை வைத்தல்ல, வகை எண்ணை வைத்து

இன்பாஸ் என்பது இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் சொந்தத் தேடுதளம். உலக அளவில் பார்க்க கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் இருக்கின்றன. எல்லாமே இலவசம். புதிதாகத் தேடுபவர் 'சீப்பு', 'ஸ்குவீஜி' என்று அடித்துப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று மகிழ்ந்துபோவார். காப்புரிமை ஆவணத்தில் சீப்பைச் சீப்பு என்றே எழுதியிருக்கமாட்டார்கள். 'பல நீட்சிகளைக் கொண்ட தடுப்பு உறுப்பு' என்று இருக்கும். அதனால்தான் ஆவணங்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகை எண் தேவைப்படுகிறது.

தரை சுத்தம் ஏ47எல் என்ற வகையில் வரும். அதில் 11 என்ற எண் தரை மெஷின்கள்; 11/30 அழுக்குத் தண்ணீரை உறிஞ்சுபவை; 11/4044 ஸ்குவீஜியும் உறிஞ்சும் பாகங்களும்; 13/58 மாப்பு பிழியும் வாளிகள்; 9 என்ற எண் வாக்குவம் கிளீனர் பாகங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சல் பி08பி 3/02. பைப்பும் தொட்டியும் கழுவுவது பி08பி 9. பாதாளச் சாக்கடை இ03எஃப் 9. சோலார் பேனல் கழுவும் சாதனங்களுக்கு எச்02எஸ் 40/10. பணம், வாடகை, பில்லிங் சம்பந்தப்பட்டவை ஜி06க்யூ. தேடும் பெட்டியில் இந்த எழுத்துகளை ஆங்கிலத்திலேயே அடிக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

உங்கள் யோசனைக்கு நெருக்கமாக ஓர் ஆவணம் கிடைத்தால், கடைசியில் இருக்கும் உரிமைக்கோரல்களில் முதலாவதை உடனே படியுங்கள். அந்த ஆள் எதைத் தனக்கு மட்டும் என்று கேட்கிறார் என்பது அங்கேதான் இருக்கும். ஆனால் உங்கள் புதுமையைக் கெடுப்பதற்கு அவருடைய உரிமைக்கோரல்தான் வேண்டும் என்பதில்லை. விளக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி, படம் 7-இன் மூலையில் ஒரு கோடு இருந்தாலும் போதும். எனவே அடுத்ததாகப் படங்களை ஒன்று விடாமல் பாருங்கள்.

இந்தத் தேடலில் இன்னொரு லாபமும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. காப்புரிமை ஒரு நாட்டுக்குள் மட்டும், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுக்கு மட்டும், கட்டணம் கட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் உயிரோடு இருக்கும். ஜெர்மனியில் வாங்கி இந்தியாவில் விண்ணப்பிக்காத ஒன்றை இங்கே தாராளமாகச் செய்து விற்கலாம். ஜெர்மனிக்கு மட்டும் அனுப்பக் கூடாது. காலம் முடிந்தது எல்லாருக்கும் சொந்தம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் கட்டடத் துப்புரவாளராக இருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் 1908 ஜூன் 2-இல் 889823 என்ற எண்ணில் எடுத்துச்செல்லக்கூடிய வாக்குவம் கிளீனருக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமைதான் பிறகு ஹூவர் குடும்பத்திடம் போனது. அந்த ஆவணத்தை இன்றும் இறக்கிப் படிக்கலாம். மோட்டார், விசிறி, பிரஷ், பை நான்கும் எப்படிச் சேர்கின்றன என்பது படத்தோடு இருக்கிறது. காலாவதியான காப்புரிமைகளைப் போல இலவசமான வரைபட நூலகம் வேறு எதுவும் இல்லை.

எதற்குக் கிடைக்காது

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. நம் தொழிலில் அடிக்கடி இடிப்பது அதில் இரண்டு.

ஒன்று, 3(எஃப்). தெரிந்த பாகங்களைச் சேர்த்து வைத்து, அவை ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தெரிந்த வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பு அல்ல. ஸ்க்ரப்பர் மெஷினில் புளூடூத் ஸ்பீக்கர் மாட்டுவது இந்த வகை. குழாய் வாயில் வெறும் சீப்பை வைப்பதுகூட இங்கே மாட்டலாம். ஆனால் ஸ்குவீஜியைத் தூக்கும் அசைவே சீப்பைச் சுத்தம் செய்கிறது என்னும்போது, இரண்டு பாகமும் ஒன்றையொன்று நம்பி வேலை செய்கின்றன. உங்கள் வழக்கு நிற்கும் இடம் அந்த இணைப்புதான்.

இதோடு சேர்ந்து வரும் தடை 'பட்டறை மேம்பாடு'. பாத்திரங்களைக் கடைசலில் பிடித்து நிறுத்தும் சாதனம் ஒன்றைப் பற்றிய பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978-இல் காப்புரிமையை நிற்கவிடவில்லை. அந்தத் தொழில் தெரிந்த கைதேர்ந்தவர் இயல்பாகவே செய்துவிடக்கூடிய சின்ன மாற்றம் கண்டுபிடிப்பாகாது என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் ஆய்வாளர்கள் கையில் எடுப்பது இதைத்தான்.

இரண்டாவது, 3(கே). வியாபார முறைக்கும், வெறும் கணினி நிரலுக்கும் இங்கே காப்புரிமை இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவது, தவணை தவறினால் கட்டணத்தைக் கூட்டுவது, பழைய பில்களை வைத்துக் கடன் தகுதி கணக்கிடுவது எல்லாம் வியாபார முறைதான். கணினி நிரலுக்காவது 'தன்னளவில்' என்ற அடைமொழி போட்டுச் சட்டம் கொஞ்சம் சந்து விட்டிருக்கிறது. வியாபார முறைக்கு அந்த அடைமொழியே கிடையாது, தடை முழுமையானது என்று 2023 மே மாதம் ஓப்பன் டிவி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு நிதி சார்ந்த முறைகளுக்குக் கதவு வெகுவாகச் சாத்தப்பட்டுவிட்டது.

வாடகை யோசனையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. சக்கரத்தின் சுழற்சியை மட்டும் எண்ணினால் மெஷின் சும்மா நகர்ந்ததும் கணக்கில் ஏறும். சக்கரச் சுழற்சி, பிரஷ் மோட்டாரின் கரன்ட், ஸ்குவீஜி இறங்கியிருக்கும் நிலை மூன்றும் சேர்ந்தால் மட்டும் பரப்பை எண்ணும் மீட்டர், பணம் தீர்ந்தால் தண்ணீர் வால்வை மூடும் பூட்டு ஆகியவை கருவிகள். அவற்றுக்குக் கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் 'வருவாய் கூடும்', 'வாடிக்கையாளருக்கு மலிவு' என்று எழுதி ஆய்வாளர் கையில் நீங்களே கத்தியைக் கொடுக்காதீர்கள். அளவின் பிழை குறைகிறது என்று எழுதுங்கள்.

உரிமைக்கோரல் எழுதுவது

வேலையின் முக்கால்வாசி இங்கேதான். நாளைக்கு ஒருவர் உங்கள் மெஷினைக் காப்பியடித்தால், நீதிமன்றம் அவருடைய மெஷினையும் உங்களுடைய மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காது. அவருடைய மெஷினையும் உங்கள் வாக்கியத்தையும்தான் வைத்துப் பார்க்கும். ஆவணங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர வேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்லது, எது முக்கியம் என்பது தெளிந்துவிடும்.

மோசமான முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'நூல் அடைக்காமல் தரையை நன்றாகச் சுத்தம் செய்யும் இயந்திரம்.' இது ஆசை. எப்படி அடைக்காது என்பது இல்லாததால் தெளிவில்லை என்று திரும்பி வரும்.

அடி வாங்கியவர் அடுத்து எதிர்ப்பக்கம் சாய்வார்: '304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 3 மி.மீ. இடைவெளியில் 42 பற்கள் கொண்டு, எம்4 போல்ட்டால் பொருத்தப்பட்ட சீப்பு உடைய இயந்திரம்.' இதற்குக் காப்புரிமை கிடைத்தாலும் பயனில்லை. அடுத்த தெருக்காரர் நைலானில் 40 பல் வைத்து விற்பார், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

நடுவழி இப்படி வரும் (அடைப்புக்குறிக்குள் இருப்பவை படத்தில் அந்தப் பாகங்களுக்குக் கொடுத்த எண்கள்):

'தரைத் தேய்ப்பு இயந்திரத்துக்கான ஸ்குவீஜி அமைப்பு; அதில் உறிஞ்சு வாய் (12) கொண்ட உடல் (10), உடலைத் தரையிலிருந்து தூக்கும் லீவர் (20), உறிஞ்சு வாய்க்கு முன்னால் உடலில் சுழலும்படி பொருத்தப்பட்ட பற்களுள்ள வடிகட்டி (30), லீவரையும் வடிகட்டியையும் இணைக்கும் இணைப்புத்தண்டு (40) ஆகியவை உள்ளன; லீவர் உடலைத் தூக்கும்போது இணைப்புத்தண்டு வடிகட்டியைச் சாய்த்து, அதில் சிக்கிய பொருளைச் சேகரிப்புத் தட்டில் (50) விழச் செய்யும்.'

எந்த உலோகம், எத்தனை பல் என்பது இதில் இல்லை. அவை துணைக் கோரல்களில் வரட்டும்: கோரல் 1-இல் உள்ளபடி, பற்களின் இடைவெளி 2 முதல் 5 மி.மீ.; கோரல் 1-இல் உள்ளபடி, வடிகட்டியைப் பழைய நிலைக்குத் திருப்பும் ஸ்பிரிங். முதல் கோரல் ஆய்வில் உடைந்தாலும் துணைக் கோரலுக்கு இறங்கி நிற்கலாம். இப்போது அந்தத் தட்டைப் பாருங்கள். தட்டே இல்லாமல் குப்பையைத் தரையிலேயே விழவிட்டு ஒருவர் செய்தால் கோரல் 1-ஐத் தாண்டிப் போய்விடுவார். அதனால் தட்டை முதல் கோரலிலிருந்து எடுத்துத் துணைக்குத் தள்ளுவது நல்லது. ஒவ்வொரு பாகத்தையும் இப்படிக் கேளுங்கள்: இது இல்லாவிட்டாலும் அடைப்பு தீருமா? தீரும் என்றால் அது முதல் கோரலில் இருக்கக் கூடாது.

10 கோரல் வரை கூடுதல் கட்டணம் இல்லை. தலைப்பு 15 சொல்லுக்குள், சுருக்கம் 150 சொல்லுக்குள். படங்கள் ஏ4 தாளில்; மேலும் இடமும் 4 செ.மீ., கீழும் வலமும் 3 செ.மீ. ஓரம் விட வேண்டும். படத்துக்குள் விளக்கம் எழுதக் கூடாது, எண் மட்டும். வரைபடம் போடும் கேட் மென்பொருளிலிருந்து எடுத்த படத்தில் அளவுகள் அப்படியே விட்டுப்போவது வழக்கமான தவறு.

விளக்கத்தில் எதையும் பதுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சிறந்த செய்முறையைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஸ்பிரிங்கின் விறைப்பை மறைத்து வைத்தால் பின்னால் அதையே காரணம் காட்டிக் காப்புரிமையை ரத்து செய்ய முடியும். சோதனைக் கணக்கையும் சேருங்கள்: ஒரே தரை, ஒரே வேகம், சீப்போடும் சீப்பில்லாமலும் எத்தனை சதுர மீட்டருக்கு ஒருமுறை அடைத்தது என்று. 'எளிதில் தோன்றக்கூடியது' என்ற ஆட்சேபம் வரும்போது கைகொடுப்பது அந்த அட்டவணைதான்.

படிவங்களும் பணமும்

தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவுக்குச் சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம். நேரில் போகத் தேவையில்லை. வகுப்பு 3 டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் இணையத்திலேயே போடலாம். தாளில் கொடுத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதல்.

படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரணம் (விளக்கமும் கோரல்களும் அடங்கியது), படிவம் 3 வெளிநாட்டு விண்ணப்பங்கள் பற்றிய உறுதிமொழி, படிவம் 5 கண்டுபிடிப்பாளர் அறிவிப்பு. காப்புரிமை ஏஜென்ட் வைத்தால் படிவம் 26. சிறு நிறுவனச் சலுகை வேண்டுமென்றால் உத்யம் என்ற சிறு தொழில் பதிவுச் சான்றிதழோடு படிவம் 28. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு விண்ணப்பக் கட்டணம் ₹1,600, மற்றவர்களுக்கு ₹8,000. 30 பக்கத்துக்கு மேல் பக்கத்துக்கு ₹160, 10 கோரலுக்கு மேல் கோரலுக்கு ₹320.

மெஷின் இன்னும் முழுசாகத் தேறவில்லை என்றால் தற்காலிக விவரணம் போட்டுத் தேதியைப் பிடித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரணம் தரலாம். தற்காலிகம்தானே என்று அரைப் பக்கம் எழுதிப் போடுகிறவர்கள் உண்டு. லீவர் இணைப்பு அந்த அரைப் பக்கத்தில் இல்லையென்றால், அதற்கு முழு விவரணத்தின் தேதிதான் கிடைக்கும். நடுவில் வீடியோ போட்டிருந்தால் கதை முடிந்தது.

விண்ணப்பித்துவிட்டால் ஆய்வு தானாக நடக்காது; படிவம் 18-ஐ ₹4,000 கட்டித் தனியாகக் கேட்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் போட்ட விண்ணப்பங்களுக்குக் கெடு 31 மாதம்; முன்பு 48. முழு விவரணத்திலிருந்து எண்ணாதீர்கள், முதன்முதலில் போட்ட தற்காலிகத் தேதியிலிருந்து எண்ணுங்கள். தவறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள். அவசரம் என்றால் படிவம் 18ஏ: ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர் உள்ளிட்டோருக்கு உண்டு, ₹8,000. அதோடு முன்கூட்டிய வெளியீட்டுக்குப் படிவம் 9, ₹2,500. ஆகச் சாதா வழியில் அரசுக் கட்டணம் ₹5,600. விரைவு வழியில் ₹12,100. ஏஜென்ட் கட்டணம் இதைவிடப் பல மடங்கு ஆகும். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால் ஏஜென்ட் கட்டணத்தை அரசே கொடுக்கும் மத்திய அரசின் சிப் (ஸ்டார்ட்அப் அறிவுசார் சொத்துப் பாதுகாப்பு) திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். செலவைத் திரும்பப் பெறும் மாநிலச் சலுகை பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

வெளிநாட்டிலும் கேட்பதானால் முதல் தேதியிலிருந்து 12 மாதம். இங்கே போடாமல் நேராக வெளிநாட்டில் போடுவது இந்தியாவில் வசிப்பவருக்குக் குற்றம். இங்கே போட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும்.

ஆட்சேபம் வந்தால்

முதல் ஆய்வறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆட்சேபமே இல்லாத அறிக்கை அபூர்வம். பதிலுக்கு ஆறு மாதம். இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டிப் பெரும்பாலும் இப்படி எழுதியிருப்பார்கள்: முதல் ஆவணத்தில் ஸ்குவீஜி இருக்கிறது, இரண்டாவதில் வடிகால் குழாய்ச் சீப்பு இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது எளிது. 'எங்களுடையது வேறு' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. இரண்டாவது ஆவணத்தின் சீப்பு அசையாதது, அதைக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்தாலும் லீவர் இணைப்பு எங்கிருந்தும் வராது என்று பக்க எண், பத்தி எண்ணோடு காட்டுங்கள். தேவைப்பட்டால் ஸ்பிரிங் கோரலை முதல் கோரலோடு சேர்த்துக் குறுக்குங்கள். விண்ணப்பத்தில் இல்லாத ஒன்றை இப்போது புதிதாக நுழைக்க முடியாது. விசாரணை வைத்தால் பெரும்பாலும் காணொலியில் நடக்கும். முடிந்து 15 நாளுக்குள் எழுத்து வாதம் தர வேண்டும்.

கிடைத்த பிறகு

மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்பு. சலுகைக் கட்டணம் 3–6 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ₹800, 7–10க்கு ₹2,400, 11–15க்கு ₹4,800, 16–20க்கு ₹8,000. 20 ஆண்டும் ஓட்டினால் மொத்தம் ₹76,800. நான்கு ஆண்டுக்காவது சேர்த்து இணையத்தில் முன்கூட்டியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. மெஷின் விற்காமல் போன பிறகும் பெருமைக்காகக் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். மறந்து காலாவதியானால் 18 மாதத்துக்குள் மீட்கக் கேட்கலாம். கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்படுகிறதா என்று மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை படிவம் 27-இல் சொல்ல வேண்டும்.

வங்கிக்குப் போகிறவர்களுக்கு: வங்கிகள் கடனை வசூலிக்கப் பயன்படுத்தும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் காப்புரிமையையும் அடமானம் வைக்கத்தக்க சொத்தாகவே கணக்கில் எடுக்கிறது. ஆனால் மேலாளர் முதலில் கேட்பது ஆர்டர் புத்தகத்தைத்தான். உரிமம் கொடுத்து ராயல்டி வந்துகொண்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

உரிமமோ அடமானமோ எழுத்தில் இருந்தால்தான் செல்லும். படிவம் 16 போட்டுப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்டுவதே கஷ்டம். ராயல்டியை ஜிஎஸ்டி நீங்கலான விற்பனை விலையில் வையுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் பரணில் போட்டுவிடுவார். ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கிளீனிங் தொழிலில் கை பரபரக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: 'சோப்புக் கரைசலை எங்களிடம்தான் வாங்க வேண்டும்.' காப்புரிமை பெற்ற பொருளைத் தவிர வேறு எதையும் இப்படிக் கட்டிப்போடுவது 140-ஆம் பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.